போதை ஒழிப்பில் விடுபட்ட ஒரு கண்ணி

போதைப் பழக்கத்தின் பரவல் குறித்து தில்லியில் பேச்சு எழும்போது எடுத்துக்காட்டப்படுவது 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான தேசிய ஆய்வறிக்கைதான். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக, எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் நடத்திய அந்த ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோருக்கு மருத்துவ உதவி தேவை. ஹெராயின் உள்ளிட்ட அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

இந்த எண்கள் பலமுறை அச்சேறிவிட்டன. மையங்கள் போதவில்லை, மனநல மருத்துவர்கள் போதவில்லை என்ற குரலும் புதிதல்ல. ஆனால், அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்த நோயை மூளைக்குள் சென்று ஆராயும் இளம் விஞ்ஞானிகளை இந்தியா எங்கே, எப்படி உருவாக்குகிறது?

நோய் என்ற சொல் இங்கே தெரிந்தே பயன்படுத்தப்படுகிறது. மது, போதைப்பொருள் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் 2017-ம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்துள்ளது. போதைப்பொருளை உடலிலிருந்து வெளியேற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. சில நாள்களிலோ வாரங்களிலோ அது முடிந்துவிடும். மாதக்கணக்கில் தொடாமல் இருந்தவர் ஒரு தெருவையோ பழைய நண்பரையோ கண்டதும் மீண்டும் அதில் விழுவது ஏன் என்பதே கடினமான புதிர். டோபமைன் என்ற வேதிப்பொருள் மூலம் இன்பத்தையும் நாட்டத்தையும் பதிவு செய்யும் மூளைச் சுற்றுகள், மன அழுத்தத்தை ஆளும் சுற்றுகள், முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதி ஆகிய மூன்றும் நீண்டகாலப் பழக்கத்தால் மாறிவிடுகின்றன. எலியின் மூளையில் மின்தூண்டல் கொடுத்து இத்தகைய சுற்றுகள் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது 1954-ல். இன்று மருத்துவர்கள் எழுதித்தரும் நால்ட்ரெக்சோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகள் செயல்படுவது மூளையில் உள்ள அபின் ஏற்பிகளில்தான்; அந்த ஏற்பிகள் இருப்பது 1973-ல் உறுதிசெய்யப்பட்டது.

இவ்வகை ஆராய்ச்சியைத் தாங்கி நிற்பவர்கள் புகழ்பெற்ற பேராசிரியர்கள் மட்டுமல்லர். முனைவர் பட்டம் முடித்து, நிலையான வேலை கிடைக்காமல், ஆய்வகத்தில் இரவு பகலாக உழைக்கும் முப்பது வயதினரே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றனர். அமெரிக்கா இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்தது. மதுப்பழக்க ஆராய்ச்சிக்கென 1970-லும், போதைப்பொருள் ஆராய்ச்சிக்கென 1974-லும் இரு தேசிய நிறுவனங்களை அது ஏற்படுத்தியது. டி-32 எனப்படும் பயிற்சி மானியத்தின் வழியாக இவை பல்கலைக்கழகங்களுக்கு நிதி அளித்து வருகின்றன. பணம் தனிநபருக்கு அல்லாமல் நிறுவனத்துக்குச் செல்கிறது. யாரைத் தேர்வு செய்வது, எந்தப் பாடங்களைக் கற்பிப்பது, எந்த ஆய்வகங்களில் பழக்குவது என்பதை நிறுவனம் திட்டமிட்டுக் காட்ட வேண்டும். ஆய்வு நெறிமுறைப் பயிற்சி கட்டாயம். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நிலையில் ஒருவர் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை இதைப் பெறலாம். முதல் ஆண்டு பெற்ற உதவிக்கு ஈடாக ஓராண்டு ஆய்விலோ கற்பித்தலிலோ ஈடுபட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. டி-32 மானியம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இந்தியாவிலிருந்து செல்லும் முனைவர்கள், பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைத்த பணத்திலிருந்து சம்பளம் பெறுபவர்கள். அவர்கள் அங்கே கற்கவில்லை என்பதல்ல. ஆனால், அந்தக் கல்வி அவர்களுக்காக வகுக்கப்பட்டதன்று. அந்த வழியும் இப்போது குறுகிவிட்டது. புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை, ஆய்வாளர்களை நியமிக்கும் பல்கலைக்கழகங்களையும் கலங்கவைத்தது. மேற்கண்ட இரு நிறுவனங்களையும் மனநல நிறுவனத்துடன் சேர்த்து ஒன்றாக்கும் யோசனையும் அதே ஆண்டு அந்நாட்டு அரசின் பட்ஜெட் முன்மொழிவில் இடம்பெற்றது. அயல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்புவார்கள் என்று நம்பியிருப்பது இனியும் ஒரு கொள்கையாக இருக்க முடியாது.

இங்கு எதுவுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ், மதுவுக்கு அடிமையானோரின் பிள்ளைகளுடைய மூளை மின்னலைகளை 1990-களிலேயே ஆராய்ந்தது. அந்நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இணைந்து, பலர் மனநோய்க்கு ஆளான குடும்பங்களின் ரத்த மாதிரிகளிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் நடத்தின. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஐந்து நோய்களில் போதைக்கு அடிமையாதலும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆதரித்த சி-வேதா ஆய்வு, மணிப்பூர் முதல் மைசூர் வரை ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையுள்ளோரைப் பின்தொடர்ந்தது. பிற நாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே இங்கு பொருத்த முடியாது என்பதற்கு எளிய சான்று உண்டு. சீனா, ஜப்பான், கொரிய மக்களில் பலருக்கு மதுவைச் செரிக்கும் நொதி ஒன்றில் மரபணு மாற்றம் இருக்கிறது. குடித்ததும் முகம் சிவந்து ஒவ்வாமல் போவதால் அவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. இந்தியாவின் பெரும்பகுதியில் அந்த மாற்றம் அரிது.

குறை நிறுவனங்களில் அல்ல, அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில்தான். தலைநகருக்குக் கிழக்கே காஜியாபாதில் எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் இருக்கிறது. தென்மேற்கே ஹரியாணாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முன்னதில் நோயாளிகளைத் தினமும் காணும் மருத்துவர்கள், பின்னதில் நரம்பணுக்களைப் படிக்கும் விஞ்ஞானிகள். இரண்டிலும் கால்பதித்து ஒரே கேள்வியை மூன்று நான்கு ஆண்டுகள் துரத்தும் இளைஞருக்கு வகுத்த பாதை எதுவும் இல்லை. போதை மனநல மருத்துவத்தில் டி.எம். பட்டம் தொடங்கப்பட்டது நல்ல செய்தியே. ஆனால், அது மருத்துவர்களுக்கானது.

உதவித்தொகைத் திட்டங்கள் பொதுவானவை. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தொடங்கிய தேசிய மேலாய்வு உதவித்தொகை, தொடக்கத்தில் மாதம் 55 ஆயிரம் ரூபாயுடன் இரண்டு ஆண்டுகளுக்கானது. அந்த வாரியம் பின்னர் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணைக்கப்பட்டது. ஆராய்ச்சி இணையாளர்களின் தொடக்க ஊதியம் 47 ஆயிரத்திலிருந்து 58 ஆயிரமாக 2023 ஜூனில் உயர்த்தப்பட்டது, அதுவும் ஆய்வாளர்கள் தெருவில் இறங்கிய பிறகு. விலங்குகளை மதுவுக்குப் பழக்கி, நிறுத்தி, மீண்டும் நாடுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கே பல மாதங்கள் ஆகும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் காலம் பிடிக்கும். மார்பினோ கோகைனோ தேவையென்றால் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் குறுக்கே வரும். அறிவியல் பயன்பாட்டுக்கு அச்சட்டத்தின் 8-வது பிரிவு விலக்கு அளித்தாலும், அதற்குரிய உரிமத்தைப் பெற்றாக வேண்டும். இரண்டு ஆண்டுகளில் இதையெல்லாம் முடித்துக் கட்டுரையும் எழுத வேண்டும் என்றால், புத்திசாலியான இளைஞர் வேறு துறையைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

நிர்வாகச் சிக்கல் வேறு. கடத்தலைத் தடுக்கும் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு உள்துறையிடம் இருக்கிறது. அபின் சாகுபடிக்கு உரிமம் வழங்கும் மத்திய போதைப்பொருள் பிரிவு நிதி அமைச்சகத்திடம். விழிப்புணர்வும் மறுவாழ்வும் சமூக நீதி அமைச்சகத்திடம். சிகிச்சை சுகாதார அமைச்சகத்திடம், மூளை ஆராய்ச்சி உயிரித் தொழில்நுட்பத் துறையிடம். மதுவோ அரசமைப்புச் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பு, அவற்றின் வருவாயும்கூட. தமிழகத்தில் டாஸ்மாக் மூலம் கிடைத்த வருவாய் மட்டும் 2022-23-ம் ஆண்டில் 44 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2020 ஆகஸ்ட் 15-ல் 272 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட போதையில்லா பாரதம் இயக்கத்தின் அழுத்தம் விழிப்புணர்விலும் மறுவாழ்விலுமே இருந்தது. ஆராய்ச்சியாளரைப் பயிற்றுவிப்பது எந்த அமைச்சகத்தின் பட்டியலிலும் முதல் வரியில் இல்லை.

பெரும் தொகை தேவைப்படும் காரியமும் அல்ல இது. நிம்ஹான்ஸ், எய்ம்ஸ், மானேசர் போன்ற சில நிறுவனங்களுக்குக் கூட்டாக ஐந்தாண்டு மானியம் அளித்து, ஆண்டுக்கு இருபது முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தாலே ஒரு தலைமுறை உருவாகும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 7-ஏ பிரிவின் கீழ் ஒரு தேசிய நிதியமும் இருக்கிறது. பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகளை விற்ற பணமும் அதில்தான் சேர்கிறது. கடத்தலை ஒடுக்குதல், அடிமையானோரை அடையாளம் காணுதல், சிகிச்சை, மறுவாழ்வு, விழிப்புணர்வுக் கல்வி என அந்த நிதியைச் செலவிடக்கூடிய இனங்களைச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் ஆராய்ச்சி என்ற சொல் இல்லை.