படம் பார்க்கப் பட்டத்து யானை எதற்கு?

போன தை மாதம் கோவையில் என் தங்கை பேத்திக்குக் கல்யாணம். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. இருவருமே போக முடியவில்லை. தங்கைக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் படம் மொத்தத்தையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு அனுப்பினாள். "4கே-யில எடுத்ததுண்ணா, அண்ணியப் படுத்தபடியே பாக்கச் சொல்லு" என்றாள்.

என் கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. அதை டிவியோடு இணைத்துப் போட்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், படம் நின்றுவிட்டது. கெட்டிமேளம் மட்டும் கேட்கிறது. பிறகு ஒரே தாவல், தாலி ஏறிவிட்டது! மனைவி ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன், "அங்கிள், 4கே-ன்னா பெரிய கிராபிக்ஸ் கார்டு இல்லாம நடக்காது" என்று முப்பதாயிரத்துக்கு மேல் ஒன்றைக் காட்டினான். அதற்கு மின்சாரம் பத்தாதாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்ற வேண்டுமாம். என் ஒரு மாதப் பென்ஷன் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். நல்லவேளை!

இரண்டு நாள் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். கேம் ஆடுவது வேறு, படம் பார்ப்பது வேறு. கேமில் ஒவ்வொரு காட்சியையும் கார்டு புதிதாக வரைய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பட்டத்து யானை. படமோ ஏற்கெனவே எடுத்து, சுருக்கிக் கட்டிய மூட்டை. அதை அவிழ்த்தால் போதும். அவிழ்ப்பதற்கென்றே கார்டுக்குள் ஒரு சின்னப் பகுதி தனியாக இருக்கிறது. அதற்கு அந்த முடிச்சு தெரிந்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரியாவிட்டால் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்; படம் திக்கும்.

முடிச்சுகள் பல வகை. பழைய எச்.டி. படங்கள் பெரும்பாலும் ஹெச்.264. அடுத்து 2013-இல் வந்தது ஹெச்.265, 4கே படங்களில் இதுதான் அதிகம். யூடியூபில் விபி9, ஏவி1 என்று வேறு இரண்டு. எங்கள் கல்யாணப் படம் ஹெச்.265, அதுவும் 10 பிட். என்னுடைய நான்காம் தலைமுறை இன்டெலுக்கு அது தெரியாது. வியாதி அவ்வளவுதான்.

ஆகவே கடையில் "எத்தனை ஜிபி?" என்று கேட்காதீர்கள். "ஹெச்.265, 10 பிட்டை இந்தக் கார்டே அவிழ்க்குமா?" என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஜிடி 710-இல் 2 ஜிபி இருந்தாலும் அதை அவிழ்க்காது. பின்னால் 2017-இல் வந்த ஜிடி 1030 அவிழ்க்கும். அது எடுப்பது 30 வாட் அளவுதான், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டாம். விசிறியே இல்லாத மாடலும் உண்டு. ராத்திரி படம் பார்க்கும்போது பக்கத்தில் விசிறி இரைச்சல் இல்லாமல் இருப்பது நம் வயதுக்குப் பெரிய வரம். ஒரு குறை, ஏவி1 அதற்கும் தெரியாது.

கார்டு வாங்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். படத்தைப் பென் டிரைவில் போட்டு டிவியிலேயே செருகிப் பாருங்கள். இப்போதைய 4கே டிவிகளில் பெரும்பாலானவை தாமே ஓட்டிவிடும். என் பழைய டிவி மாட்டேன் என்றது. அடுத்து, உங்கள் பிராசஸர் இன்டெல் ஏழாம் தலைமுறையா, அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். ஆம் என்றால், அதில் உள்ள கிராபிக்ஸே பெரும்பாலும் போதும். தனிக் கார்டே வேண்டாம்.

வயதானவர்கள் விவரம் தெரியாமல் பயப்படுவோம் என்பதுதான் கடைக்காரருக்கு முதலீடு. ஒரே ஒரு சரியான கேள்வி கேட்டால் போதும், அந்த முதலீடு கரைந்துவிடும்.

எனக்கு ஏழாயிரத்துக்குள் முடிந்தது. தாலி கட்டும் இடத்தை மனைவி மூன்று தரம் போடச் சொன்னாள். மூன்றாவது தரம், "உங்க தங்கை அழறா பாருங்க" என்றாள். முதல் நாள் அது எங்கள் கண்ணில் படவேயில்லை.