மேக்ரோ நின்றால் சனியைத் திட்டாதீர்கள்!

தேனி மாவட்டம் குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். ஏழரைச் சனி என்றாலே எல்லோருக்கும் பயம்தானே! கணக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஏழரையும் உண்டு. அதுதான் எக்செல் மேக்ரோ. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். உடனே "சனி பிடிச்சிருச்சுப்பா" என்று புலம்பல் ஆரம்பம்.

ஆனால் சனி பகவான் காரணமில்லாமல் யாரையும் தண்டிக்க மாட்டார் என்பதுதான் நம்பிக்கை. மேக்ரோவும் அப்படித்தான்.

ஓர் உதாரணம். பக்கத்தில் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது. ஒரு வியாபாரியின் கணக்கர் எடைகளைக் கூட்ட மேக்ரோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் மொத்தத்தையும் 'இன்டிஜர்' என்று அறிவித்துவிட்டார். மொத்தம் 32,767ஐத் தாண்டியதும் 'ஓவர்ஃப்ளோ' என்று மேக்ரோ நின்றுவிடும். இன்டிஜரின் கொள்ளளவு அவ்வளவுதான்.

இன்டிஜருக்குப் பதில் 'லாங்' என்று மாற்றினால் மேக்ரோ ஓடும். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! இரண்டுமே முழு எண் மட்டும்தான் வைத்துக்கொள்ளும். 12.6 கிலோ சத்தமில்லாமல் 13 கிலோ ஆகிவிடும். கிலோ 2,000 ரூபாய் என்றால் அந்த ஒரு மூட்டையிலேயே 800 ரூபாய் தப்பு. 'டபுள்' என்று அறிவித்திருக்க வேண்டும். மேக்ரோ நின்றதால்தானே இந்த வரியையே ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்?

பலர் செய்வது என்ன? 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். வயலில் பாம்பைப் பார்த்துவிட்டு டார்ச் லைட்டை அணைப்பது போலத்தான் இது.

சத்தமில்லாத பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. காரணம், பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மீதி விடுபட்டுப் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் தாமதமானது. அன்று ஒரு பிழைச் செய்தி வந்து வேலை நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே நண்பர்களே, மேக்ரோ நின்றால் 'எண்ட்' பொத்தானை அழுத்தி ஓடிவிடாதீர்கள். 'டீபக்' அழுத்துங்கள். மஞ்சள் நிறத்தில் தெரியும் வரியைப் படியுங்கள். கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, எஃப்8 விசையால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் கணக்கைக் கையால் கூட்டி, மேக்ரோ தரும் விடையோடு ஒப்பிடுங்கள்.

நின்றுபோகிற மேக்ரோவால் ஒரு மணி நேரம்தான் வீண். தப்பாக ஓடிக்கொண்டே இருக்கிற மேக்ரோவால் ஒரு வருடக் கணக்கே வீண். எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்!