இருதயத் தடிப்பும் வம்ச சாபமும்

ஒரே குடும்பத்தில் தகப்பனும் மகனும் வாலிபத்திலேயே திடீரென்று மாண்டால், "வம்ச சாபம்" என்று பரிகாரத்திற்குப் புறப்படுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். 1958-ல் லண்டன் வைத்தியர் டொனால்ட் டியர், அவ்விதம் மாண்ட வாலிபர்களின் இருதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்ததை எழுதி வைத்தார். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி இடமுண்டு.

பரம்பரையாய் வந்ததற்கு யாதொன்றும் செய்ய முடியாதென்பது சோம்பேறிப் பேச்சேயாகும். இருதய வேகத்தை அடக்க பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் உண்டு. இரத்தம் வெளியேறும் வழியைத் தசை மறித்தால், தேர்ந்த வைத்தியர் அதைச் செதுக்கி எடுக்கின்றார். அல்லது மெல்லிய குழாய் வழியே சாராயம் செலுத்தி அத்தசையை வாட்டுகின்றார். (சாராயம் குடி காப்பது இங்கு மாத்திரந்தான்!) 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென் என்னும் மருந்து தசையின் மிதமிஞ்சிய இறுக்கத்தையே தளர்த்துவதாகும். திடீர்ச் சாவுக்கு அஞ்ச வேண்டியவர்களுக்கு மார்பில் மின்கருவி பதிக்கின்றார்கள்.

ஆனால் முதலில் நோய் தெரிய வேண்டுமே! ஆகவே ஒருவருக்குக் கண்டால், சுகமாயிருக்கின்ற உடன்பிறந்தாரும் பிள்ளைகளும்கூட ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டுமென்கின்றோம். வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகுமென்று மறைக்கின்ற பெற்றோர், பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த மாப்பிள்ளை பந்தாடும்போது விழுந்து மாண்டால், அப்பெண்ணுக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?