பொருந்தாததை வலிந்து பூட்டலாமா?

தந்தையார் வாடகைக்கு ஓட்டி நம்மை வளர்த்த அம்பாசிடர் கார் இன்றும் நம் இல்லத்துக் கொட்டகையில் நிற்கிறது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினைச் சென்ற ஆண்டு பிரித்துப் புதுப்பித்தோம். அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் உத்தரபாராவில் நின்றுபோனதால், கடைகளில் எஞ்சியவையும் பிறர் செய்து விற்பவையுமே இப்போது பாகங்களாகக் கிடைக்கின்றன. அங்கேதான் தொல்லை தொடங்கிற்று.

புதிய மெயின் பேரிங்குகளை வைத்து மூன்று மூடிகளையும் இறுக்கியதும் கிராங்க் அசைய மறுத்தது. “வண்டியைக் கட்டி இழுத்துக் கிளப்புங்கள், ஓட ஓடத் தளர்ந்துவிடும்” என்றார் அருகிலிருந்த அன்பர். அவர் சொற்படி செய்திருந்தால், தந்தையார் காலத்துக் கிராங்க் அன்றே பாழாகியிருக்கும்.

மூடிகள் அனைத்தையும் தளர்த்தினோம். பின்பு ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் கிராங்க்கைக் கையால் சுழற்றிப் பார்த்தோம். முதல் மூடியும் கடைசி மூடியும் தடை செய்யவில்லை. நடுமூடியை இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. மூடிகள் இடம் மாறினாலும் திசை மாறினாலும் இவ்வாறு நேரும். அவையோ சரியாகவே இருந்தன. பேரிங்கைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. மற்றவற்றில் 010 என்ற முத்திரை, நடுவிலுள்ளதில் 020! ஒரே பெட்டிக்குள் இரண்டு அளவுகள் கலந்திருந்தன. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தோம். ஆதியில் 2 அங்குலமாக இருந்த கிராங்க் ஒருமுறை கடையப்பெற்று 1.990 அங்குலமாக இருந்தது. அதற்கு உரியது 010 மட்டுமே.

இதில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. இறுக்கமான பாகம் தன் குற்றத்தைத் தானே வெளியிட்டுவிடுகிறது. தளர்வான பாகமோ இனிதாகச் சுழன்று நம்மை ஏமாற்றும். 020-க்குக் கடைந்த கிராங்க்கில் 010 பேரிங்கை வைத்திருந்தால் கைக்கு யாதொரு தடையும் தெரிந்திராது. வண்டி ஓடத் தொடங்கிய பின்பே எண்ணெய் அழுத்தம் குறைந்து தட்டல் கேட்டிருக்கும். ஆகவே, எளிதில் பொருந்துவதையும் அளந்தே பூட்டவேண்டும்.

போல்ட்டுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. இவ்விஞ்சினின் 5/16 அங்குலப் போல்ட் 7.94 மில்லிமீட்டர் பருமனுடையது. கண்ணுக்கு அது 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போலவே தோன்றும். ஆனால் முன்னதில் அங்குலத்திற்கு 24 மரைகள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பின்னதில் ஏறத்தாழ 20. வலிந்து திருகினால் துளையின் மரை அழியும். விரலால் சில சுற்றுகள் தடையின்றி ஏறாத போல்ட்டுக்கு ஸ்பானரை எடுக்கலாகாது.

பிஸ்டன் ரிங்குகளையும் பூட்டுமுன் சிலிண்டருக்குள் தனியே செலுத்தி, முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து பார்த்தல் நலம். இடைவெளி இல்லையேல், சூட்டில் விரியும் ரிங் முனைகள் மோதி உடையும்.

சரியான பேரிங் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதை வைத்து மூடியை இறுக்கிய மாலையில், தாயார் கொட்டகை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிராங்க்கைக் கையால் திருப்பினோம். ஓசையின்றிச் சுழன்றது.