கேட்காமல் கொடுத்த மேல்தளம்

பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற நம் ஊர்க் குடும்பங்களில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அப்பா அம்மா போனால் மர்செய் துறைமுகத்தில் கப்பல் ஏற்றி, ஏழு நாள் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டி அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர்கள் சொல்கிற கதையில் ஊர்கள் குறைவு, சாப்பாடு அதிகம். கடைசியில் கட்டாயம் ஒரு வரி வரும்: "நாங்க புக் பண்ணது சாதா ரூம். அவங்களே பால்கனி ரூமா மாத்திக் கொடுத்துட்டாங்க, ஒரு பைசா கூட வாங்கல." சொல்பவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை. கேட்பவர் முகத்தில் பொறாமை.

எனக்கு வருவது பொறாமை இல்லை, கோபம். அந்தக் கம்பெனிகள் மேல் பாதி, நம்மவர்கள் மேல் பாதி. நான் பணம் கட்டித் தேர்ந்தெடுத்த அறையை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டு, வேறொன்றைக் கையில் திணித்து, அதற்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு என்ன பெயர்? ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று ஒரு கேலி உண்டே, அந்த ஆளாகவே நம்மை நினைத்துவிட்டார்கள்.

பிரெஞ்சில் இதை 'சுர்க்லாஸ்மான்' என்பார்கள். 'சுர்' என்றால் மேலே. 'க்லாஸ்மான்' என்றால் வகைப்படுத்தல். அலுவலகத்தில் கோப்புகளைப் பிரித்து அடுக்குவதற்கும் அதே சொல்தான். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, பிறகு முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு அடுக்கியவன் என்பதால் எனக்கு அந்தச் சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஒரு கோப்பைக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்து மேல் தட்டில் வைக்கிறோம். கோப்பிடம் சம்மதம் கேட்பதில்லை.

கப்பலில் அறை எடுப்பது ஓட்டலில் அறை எடுப்பது மாதிரி இல்லை. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, சூட் என்று ஏறுவரிசை உண்டு; அது விலையின் வரிசை. உடம்பின் வரிசை வேறு. கப்பல் முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது அதிகம் ஆடுவது மூக்குப் பக்கமும் வால் பக்கமும். பக்கவாட்டில் சாயும்போது மேலே போகப் போக ஆட்டம் அதிகம். ஊஞ்சல் பலகையில் நடுவில் உட்காருகிறவனுக்கும் ஓரத்தில் உட்காருகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கிற மலிவான அறைதான் தலைசுற்றல்காரருக்குச் சொர்க்கம். விலை உயர்ந்த அறைகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன.

இன்னும் இருக்கிறது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால் விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கிற சத்தம். நாடக அரங்கத்துக்கு மேலே என்றால் ராத்திரி வரைக்கும் மேளம். மூக்குப் பக்கம் என்றால் துறைமுகத்தில் நங்கூரம் இறக்கும் இரைச்சல். அடுத்த அறைக்குக் கதவு வைத்த அறை என்றால் பக்கத்துக் குடும்பத்தின் சண்டை முழுக்கக் காதில் விழும். சில அறைகளில் ஜன்னல் இருக்கும், அதற்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். இதையெல்லாம் தளவரைபடத்தில் பார்த்து, மேலே என்ன, கீழே என்ன, லிஃப்ட் எத்தனை அடி என்று கணக்குப் போட்டு ஒருவர் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் வாங்கியது அந்த எண்ணை. வகையை அல்ல.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். காரைக்காலுக்குப் பஸ்ஸில் போனாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற உடம்பு. அதனால் நான்கு மாதத்துக்கு முன்பே நானும் மகனும் உட்கார்ந்து ஐந்தாம் தளத்தில், நடுவில், லிஃப்டுக்கு ஆறாவது கதவாக ஓர் அறையை எடுத்தோம். எதிர் அறை மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுக்கு. அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்கக் கூடுதல் கட்டணம், அதையும் கட்டினோம். புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. "ஃபெலிசித்தாசியோன்!" என்று ஆரம்பம், வாழ்த்துகளாம். உங்களுக்குப் பன்னிரண்டாம் தளத்தில் பால்கனி அறை. மூக்குப் பக்கம்.

மகன் சந்தோஷப்பட்டான். "அப்பா, இது அறுநூறு யூரோ ஜாஸ்திப்பா" என்றான். அவள் மட்டும்தான், "என்னங்க, இத நாம கேட்டோமா?" என்றாள். நான் அன்றைக்கே பிரெஞ்சில் கடிதம் எழுதினேன்: வேண்டாம், பழைய அறையைக் கொடுங்கள், காரணம் இவை. இரண்டு நாளில் பதில். உயர்ந்த வகை அறை தரப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது, ஒப்பந்தத்தில் இன்ன விதி. பழைய அறை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது.

மர்செய்யிலிருந்து புறப்பட்ட இரவே மிஸ்த்ரால் காற்று. வடமேற்கிலிருந்து லியோன் வளைகுடாவில் இறங்கி அடிக்கிற அந்தக் காற்றைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன். பால்கனிக் கதவைத் திறக்க முடியவில்லை, திறந்தால் மூட முடியவில்லை. அவள் விடிய விடிய வாந்தி. இரண்டாம் நாள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக அந்த நீளமான தாழ்வாரத்தில் பாதி நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்பிவிட்டாள். பேரப்பிள்ளைகள் ஏழு தளம் கீழே. எதிர் அறையாக இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். தனியாக லிஃப்டில் அனுப்ப மருமகளுக்குப் பயம். அவள் அந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே அந்தக் குழந்தைகளோடு ஏழு நாள் இருக்கலாம் என்றுதான். கடலைப் பார்க்க அவளுக்குக் கப்பல் எதற்கு? வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல்.

சரி, கம்பெனிக்காரன் ஏன் இப்படிச் செய்கிறான்? தாராள மனது என்று நினைக்காதீர்கள். முதலில் விற்றுப்போவது மலிவான அறைகள். கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மேலே விலை உயர்ந்த அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கீழே இருக்கிற ஒருவரை மேலே தூக்கி வைத்தால் கீழ் அறை மறுபடியும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. இன்னொரு காரணம், மூன்றாவது நான்காவது படுக்கை மடித்து வைத்திருக்கிற அறைகள். அதில் இரண்டு கிழவர்கள் இருப்பதைவிட நான்கு பேர் கொண்ட குடும்பம் இருந்தால் வருமானம் அதிகம். கப்பல் தொழிலில் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் நூறு சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். மூன்றாம் நான்காம் படுக்கைகளும் நிரம்பினால் நூறைத் தாண்டும். தாண்டத்தான் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஏறியவர்கள் மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா என்று உள்ளே செலவழிப்பது தனி வருமானம். ஆக, அந்த 'வாழ்த்துகள்' எனக்கு இல்லை, அவர்களுக்கு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'காரந்தி' என்று ஒரு வகை டிக்கெட் இருக்கிறது. வகை மட்டும் உறுதி, எண் அவர்கள் இஷ்டம், அதனால் விலை குறைவு. அதை வாங்கியவர் எங்கே போட்டாலும் பேசக் கூடாது. தெரிந்தே ஆடிய ஆட்டம். ஏலம் என்றும் ஒன்று பல கம்பெனிகளில் வந்திருக்கிறது: மேல் வகைக்கு ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று நீங்கள் தொகை எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் ஒத்துக்கொண்டால் கார்டிலிருந்து பணம் தானாகப் போய்விடும், எந்த அறை என்பது அப்புறம்தான் தெரியும். அதுவும் அவரவர் விருப்பம். என் வழக்கு, எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தனியாகக் காசும் கட்டியவரைப் பற்றியது.

நான் வேலை பார்த்த பிரிவுகளில் ஒன்று அரசுக் குடியிருப்பு ஒதுக்கீடு. கீழ்த்தள வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த கடைநிலை ஊழியர் ஒருவருக்கு, அவர் தகுதியைவிடப் பெரிய வீடாக இரண்டாம் மாடியில் ஒதுக்கினார்கள். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஆஸ்துமாக்காரத் தாயார். "பெரிய வீடு குடுத்தா வேணாம்ங்கறானே, இவனுக்கு என்ன கொழுப்பு" என்று மேலதிகாரி கத்தினார். ஆனாலும் அந்த மறுப்புக் கடிதம் கோப்பில் ஏறியது, எண் போடப்பட்டது, அவருடைய முறை போகவில்லை, ஏழு மாதம் கழித்துக் கீழ்த்தள வீடு கிடைத்தது. சர்க்கார் ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். அந்த ஆபீசில்கூட, கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல ஒரு படிவம் இருந்தது.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 முதல் காலியாக இருக்கிற மேல் வகுப்புக்குக் கீழ் வகுப்புப் பயணியைக் கூடுதல் கட்டணமில்லாமல் மாற்றும் திட்டம் இருக்கிறது. அதற்கு முன்பதிவுப் படிவத்திலேயே ஒரு கேள்வி: உங்களை மாற்றலாமா, வேண்டாமா? நம் வயதுக்காரர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்லீப்பரில் கீழ்ப் படுக்கை கிடைத்த மூட்டுவலிக்காரரை ஏசி பெட்டியில் மேல் படுக்கையில் ஏற்றினால் அது உயர்வா? கோடிக்கணக்கானவர்களை ஏற்றி இறக்குகிற ரயில்வே ஒரே ஒரு கட்டம் போட்டுக் கேட்கிறது. சில ஆயிரம் பேரை ஏற்றுகிற சொகுசுக் கப்பலுக்கு அந்தக் கட்டம் போட என்ன கஷ்டம்?

"முன்காலத்துக் கப்பலை நினைத்துப் பார், இப்போது எவ்வளவு வசதி" என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர்ச் சொல்தாக்கள் சைகோனுக்கும் மர்செய்க்கும் போன மெஸாஜெரி மரிதீம் கப்பல்களில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் பச்சையாக இருந்தது, மறுக்கவில்லை. என் பெரியப்பா அதில் போனவர். ஆனால் அவர் சீட்டில் எழுதிய படுக்கை எண்ணில்தான் படுத்தார். (அந்தக் கம்பெனியின் 'கம்போஜ்' என்ற கப்பல் 1953-இல் ஓட ஆரம்பித்தது, பிறகு கிரேக்கர்கள் வாங்கி 'ஸ்டெல்லா சோலாரிஸ்' என்று பெயர் மாற்றி உல்லாசக் கப்பலாக்கினார்கள். 2003-இல் குஜராத்தில் அலங் கடற்கரைக்கு உடைக்க வந்து சேர்ந்தது. அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.)

சட்டம் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண நெறிமுறை 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பயணத்தின் முக்கிய அம்சத்தைப் பெரிதாக மாற்றினால் பயணிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் ஏற்கலாம் அல்லது பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். அற்ப மாற்றத்தை மட்டும், ஒப்பந்தத்தில் இடம் வைத்திருந்தால், அவர்களே செய்யலாம். கம்பெனிகள் நுழைகிற ஓட்டை அந்த 'அற்ப' என்ற சொல். அதே வகையோ மேல் வகையோ கொடுத்தால் அது அற்ப மாற்றம் என்பது அவர்கள் வாதம். ஐந்தாம் தளத்திலிருந்து பன்னிரண்டு, நடுவிலிருந்து மூக்கு, பேரப்பிள்ளைகளிடமிருந்து ஏழு தளம் — இது அற்பமா, பெரிதா என்று தீர்மானிக்க வேண்டியது விலைப்பட்டியலா, அந்த உடம்பை வைத்துக்கொண்டு படுக்கிறவரா? நம் நாட்டில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுக்கிறது. இங்கே பதிவு செய்து போகிறவர்கள் அதைப் படித்துவைப்பது நல்லது.

நம்மவர்கள் மேல் பாதிக் கோபம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலுக்கு நம் ஊர் அனுமதி கொடுக்கவில்லை. சூதாட்டம், கலாச்சாரம் என்று எத்தனை பேச்சு! கப்பல் வரலாமா கூடாதா என்று பேசினோமே தவிர, ஏறப் போகிறவர் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒருவரும் பேசவில்லை. ஏறிவிட்டு வந்தவர்களோ, அறை மாறியதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மாற்றியதால் கஷ்டப்பட்டவர்கள் வெளியே சொல்வதில்லை. 'பால்கனி கொடுத்தும் குறை சொல்றாரு' என்று பெயர் வந்துவிடும் என்று பயம். எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது, பரவாயில்லை.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பல கம்பெனிகளில் பதிவு செய்யும்போதே 'மேல் வகைக்கு மாற்ற வேண்டாம்' என்று குறிக்கச் சொல்லலாம். ஏஜென்டுக்குத் தெரியும், அவராகச் சொல்ல மாட்டார். அது வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. இருந்தாலும் வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுத்து, குறித்துவிட்டோம் என்று எழுத்திலேயே வாங்குங்கள். நாங்களும் வாயால் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. ஊர் திரும்பி, அதையும் மருத்துவச் சான்றையும் இணைத்து மறுபடி எழுதினேன். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள நூறு யூரோ சீட்டு அனுப்பினார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, எண் தேர்வுக்குக் கட்டிய கட்டணத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். கடிதம் பிரெஞ்சில் ஒன்றரைப் பக்கம். நகல் வேண்டுமென்றால் தருகிறேன், அறை எண்ணையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும்.