விழித்திரைப் படமும் நம் கடற்கரை ஊர்களும்

நீரிழிவு என்னும் பிணி தாகத்தாலும் சோர்வாலும் உடலுக்குத் தன் வரவை அறிவிப்பதுண்டு. கண்ணுக்கோ அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. விழித்திரையின் நுண்குழல்கள் ஊசிமுனையளவு புடைத்து இரத்தம் கசியத் தொடங்கிய பின்னரும், அவ்விழியையுடையார் செய்தித்தாள் படிப்பார். வலையின் கிழிசலை முடிவார். நோவுமில்லை, மங்கலுமில்லை. பார்வை குறைந்ததென்று அவர் வைத்தியரை நாடும்பொழுது, எளிதில் காத்திருக்கக்கூடிய பகுதியும் கைவிட்டுப் போயிருத்தல் கூடும். ஆதலின் இந்நோயில் நோயாளியின் முறையீட்டை எதிர்பார்த்திராமல், ஆண்டுதோறும் அவர் விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தலே முறையென்பது எம் துணிபு.

விழியின் உட்புறத்தைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகிற்களித்தார். பின்னர் 1961-இல், கை நரம்பில் சாயமேற்றி விழிக்குழல்களின் கசிவைப் படமாக்கும் முறை வந்தது. 1991-இல், ஒளிக்கதிரைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டியது போற் காட்டும் முறையும் தோன்றிற்று. வியத்தற்குரியனவே, ஆயினும் அவை தேர்ந்த ஆஸ்பத்திரிக்குரியவை. ஊர்தோறும் முதலிற் சலித்தெடுப்பதற்கு நேரான வண்ணப்படமே போதும். அதற்கு ஊசி வேண்டா. கண்ணிற் படும் ஒரு மின்னொளியே வேண்டும்.

இது வெறுங் கனவன்று. பாலாற்றுக்குத் தெற்கே செய்யூரை அடுத்த சூணாம்பேட்டில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் டாக்டர் வி. மோகன் தலைமையில் 2006 முதல் ஒரு பெருமுயற்சியை மேற்கொண்டனர். சுற்றிலுமுள்ள 42 கிராமங்களில் 23,000 பேருக்கு மேற்பட்டோரைச் சோதித்து, நீரிழிவு கண்டவர்களுள் ஏறக்குறைய 1,000 பேரின் கண்களையும் பார்த்தனர். படமெடுக்கும் யந்திரம் வண்டியில் ஏறி ஊருக்குச் சென்றது; படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னை வைத்தியர்களை அடைந்தன. அவ்வாறு பார்க்கப்பட்டோரில் 100-க்கு 18 பேரிடம் விழித்திரை நோய் காணப்பட்டது. பட்டணத்துச் செல்வர் நோயென்று நீரிழிவை இன்னும் எண்ணுவோர் இக்கணக்கைச் சற்றே நோக்குவாராக.

நிற்க. இத்தனை படங்களையும் பார்க்க வைத்தியர் எங்கே என்பர் சிலர். கைப்பேசியில் இணைத்த கருவியால் எடுத்த படங்களைக் கணிப்பொறியே ஆராயும் முறை சென்னையிற் சோதிக்கப்பட்டு, 2018-இல் முடிபு வெளியாயிற்று. நோயுற்றோரில் 100-க்கு 95 பேருக்கு மேல் அது கண்டுகொண்டது. நோயற்றோரிலும் 100-க்கு 20 பேரளவில் ஐயுற்றது. இவ்வையம் குறையே எனினும், ஒருவர் வீணே வைத்தியரிடம் சென்று திரும்புதல் ஒருவர் கண்ணிழத்தலினும் எவ்வளவோ மேல். சலிப்பது பொறியின் வேலையாகுக, தீர்ப்பு வைத்தியருடையதாகுக. கண்புரை மறைத்தலால் தெளியாத படத்தை 'நோயில்லை' என்று மட்டும் எண்ணிவிடலாகாது. நம் முதியோரிடையே அத்தகைய படங்கள் பல வரும். அவர்களையும் மேற்சோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

யாம் அஞ்சுவது யந்திரத்தைப் பற்றியன்று, அதற்குப் பின் நிகழ்வதைப் பற்றியே. படம் பிடித்து, 'பிறகு வாரும்' என்றனுப்பினால், அன்றாடக் கூலியை இழந்து வந்தவர் மீண்டும் வருவாரா? கோவளத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ செங்கற்பட்டு அரசினர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு பகல் கழியும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவு மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகின்றது. அதைப் போன்றே விழிப்படக் கருவியும் கடற்கரைக் குப்பங்கள் அனைத்திற்கும் ஆண்டிற்கொரு முறையேனும் தவறாது வருதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர், நீரிழிவுடைய பெற்றோரையும் பாட்டனாரையும் அந்நாளில் அழைத்துச் செல்வது அரிதன்று. கரையேறிய மீனவர் அக்காலையிலேயே தம் விழித்திரையின் படத்தைத் தாமே கண்டு, அதன் முடிவையும், லேசர் முதலிய சிகிச்சை வேண்டுமாயின் எந்நாளில் எவ்விடம் செல்லவேண்டுமென்னும் சீட்டையும் கையோடு பெற்று வீடு திரும்புதல் வேண்டும்.