சுவரில் ஒட்டிய கணக்கு



ஏழை நாடுகளில் நடக்கும் அரசாங்க ஊழலை ஒழிக்க வெளிநாடுகள் உதவலாமா? வகுப்பில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு நண்பன், "அடுத்த வீட்டு விஷயத்துல இவங்களுக்கென்ன வேலை? அவங்களே பாத்துக்கட்டும்" என்றான். ஒரு தோழி, "குடுக்குற பணத்தை நிறுத்தினா தானா திருந்துவாங்க" என்றாள். இரண்டுமே முழுச் சரியில்லை என்பது என் கருத்து. உகாண்டாவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அதுவும் பள்ளிக்கூடக் கதைதான்.

உகாண்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் கல்விக்கு அரசு ஒதுக்கிய பணம் கூடிக்கொண்டே போனது. ஆனால் அரசுப் பதிவேட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அப்போ பணம் எங்கே போச்சு? 1996-ல் உலக வங்கியின் உதவியோடு 250 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கணக்கெடுத்தார்கள். தலைநகரில் கொடுத்ததாக எழுதியிருந்த தொகையையும், பள்ளிக்கு வந்து சேர்ந்த தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

சம்பளம் போக மற்றச் செலவுகளுக்காக மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு அனுப்பிய பணம் அது. 1991 முதல் 1995 வரை அதில் 100 ஷில்லிங்குக்குச் சராசரியாக 13 ஷில்லிங்தான் பள்ளிக்குப் போயிருந்தது! பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. மீதியெல்லாம் நடுவில் மாவட்ட அலுவலகங்களோடு நின்றுவிட்டது. அதைவிடக் கொடுமை, இப்படி ஒரு பணம் வரவேண்டும் என்பதே பெற்றோர் பலருக்குத் தெரியாது. தெரியாததை யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு உகாண்டா அரசு ஒரு காரியம் செய்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று மாதாமாதம் பத்திரிகையில் போட்டது. பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளியிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. 2001-ல் மறுபடி கணக்கெடுத்தபோது 100-க்கு 80-க்கும் மேல் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஒட்டிய காகிதம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொன்னால் அது மிகை. 1997-ல் இலவசத் தொடக்கக் கல்வி வந்தது, மேற்பார்வையும் கூடியது; அவையும் காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் கணக்கு வெளியே தெரிந்தால் கேட்பதற்கு ஆள் வருவார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இதனால் உகாண்டாவில் ஊழல் ஒழிந்துவிட்டதா? இல்லை. நாட்டின் வடக்குப் பகுதி மக்களின் மறுவாழ்வுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் மோசடி நடந்தது 2012-ல் அம்பலமானது. அயர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகள் உதவியை நிறுத்தின. அயர்லாந்துக்கு 40 லட்சம் யூரோ திரும்பப் போனது. அந்த மோசடியைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? உகாண்டாவின் சொந்தத் தலைமைத் தணிக்கையாளர்தான்! உதவியை நிறுத்துவது சில நேரம் தேவைதான். ஆனால் அந்த அடி விழுவது திருடியவன் மேல் மட்டுமல்ல, பாவம், ஏழை மேலும்தான். தணிக்கை செய்கிற, கேள்வி கேட்கிற உள்ளூர் ஆட்களுக்குத் தோள் கொடுப்பதே மேல்.

இன்னொன்றும் உண்டு. நைஜீரியாவை 1993 முதல் 1998 வரை ஆண்ட ராணுவத் தலைவர் சானி அபாச்சாவின் காலத்தில் கொள்ளை போன பணம் ஐரோப்பிய வங்கிகளில் பதுங்கியது. அதில் சுமார் 32 கோடி டாலரைத் திருப்பித் தர சுவிட்சர்லாந்து 2017-ல்தான் ஒப்பந்தம் போட்டது. அவர் இறந்து 19 வருஷம் கழித்து! திருட்டுப் பணத்துக்குப் பெட்டி கொடுத்துவிட்டு, "நீங்க நேர்மையா இருங்க" என்று புத்தி சொல்வது என்ன நியாயம்? பணக்கார நாடுகள் முதலில் தங்கள் வங்கிக் கதவைச் சாத்தட்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான். வெளிநாடுகள் உதவட்டும். ஆனால் எஜமானர்களாக வரவேண்டாம். கணக்குப் பார்க்கக் கூட இருந்து விளக்குப் பிடிக்கட்டும். கேள்வி கேட்க வேண்டியவர்கள் அந்த நாட்டு மக்களே.

நம்ம பள்ளிச் சுவரில் கையால் எழுதி ஒட்டிய காகிதத்தைத்தான் இப்போது படிக்கிறீர்கள். இதுபோல ஒரு காகிதம் ஒட்டிய பிறகுதான் உகாண்டாவில் ஒரு அப்பாவோ அம்மாவோ, "எங்க பள்ளிப் பணம் எங்கே?" என்று கேட்க முடிந்தது. சுவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் நண்பர்களே!